ஷெட் பட்டறையில் தயாராகுது... ஆர்க்கிடெக்ட் எங்கே படிப்பார்? இரும்புக் கட்டடங்களும் தொடராத கல்வியும் - ஓர் அலசல்

திருச்செங்கோடு சுற்றுவட்டாரத்தில் புதுசா ஒரு பவர்லூம் கூடமோ, நூல் குடோனோ, ரிக் வண்டி நிறுத்த ஷெட்டோ கட்டணும்னா, பெரும்பாலும் முதல் போன் போவது ஆர்க்கிடெக்ட்டுக்கு இல்லை. இரும்புப் பட்டறைக்குத்தான். "இத்தனை அடி அகலம், இத்தனை அடி நீளம், சதுர அடி என்ன ரேட்டு?" இந்த மூன்று தகவலில் பேச்சு முடிந்துவிடும். தூண் எவ்வளவு கனம், போல்ட் எத்தனை, காற்று அடித்தால் கூரை நிற்குமா என்பதெல்லாம் பட்டறைக்காரரின் அனுபவத்தை நம்பி விடப்படுகிறது.

இரும்பு இப்போது ஷெட்டோடு நிற்கவில்லை. கடை, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடக் கூடம், இருக்கிற கான்கிரீட் கட்டடத்துக்கு மேல் இன்னொரு மாடி என்று மக்கள் கூடும் இடங்களுக்கும் வந்துவிட்டது. அப்படியென்றால் வரைபடம் போட்டுக் கையெழுத்திடும் ஆர்க்கிடெக்ட்டுக்கு இரும்பைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? கல்லூரியில் படித்தது போதுமா? போதாது என்றால் மேற்கொண்டு எங்கே படிப்பது? விரிவாகப் பார்ப்போம்.

ஏன் எல்லாரும் இரும்புக்கு மாறுகிறார்கள்?

முதல் காரணம் வேகம். கான்கிரீட் என்றால் சென்ட்ரிங் அடிக்கணும், கம்பி கட்டணும், ஊற்றணும், நாள் கணக்கில் தண்ணீர் விட்டு ஆற விடணும். இரும்புச் சட்டகத்தில் பாதி வேலை பட்டறையிலேயே முடிந்துவிடும். சைட்டுக்கு வந்தபின் நிமிர்த்தி போல்ட் போட்டு முடுக்கினால் கட்டடத்தின் எலும்புக்கூடு தயார்.

இரண்டாவது, நடுவில் தூண் இல்லாத அகலமான கூடம். தறி வரிசையாக ஓடவும், லாரி உள்ளேயே திரும்பவும் இது வசதி. மூன்றாவது, பின்னாளில் கழற்றி வேறு இடத்தில் போடலாம், பழைய இரும்புக்கு விலையும் கிடைக்கும்.

அரசின் கணக்கும் இதே திசையில்தான் இருக்கிறது. 2017-ல் வந்த தேசிய எஃகுக் கொள்கை, 2030-31-க்குள் நாட்டின் எஃகு உற்பத்தித் திறனை 30 கோடி டன்னாகவும், ஒரு நபருக்கான எஃகுப் பயன்பாட்டை 160 கிலோவாகவும் உயர்த்த இலக்கு வைத்தது. கொள்கை வந்த சமயத்தில் அது ஏறக்குறைய 60 கிலோவாக இருந்தது. அந்தக் கூடுதல் எஃகில் பெரும்பங்கு கட்டுமானத்துக்குத்தான் போக வேண்டும்.

அப்போ பிரச்னை எங்கே?

இரும்பு நல்ல பொருள்தான். சந்தேகமே இல்லை. ஆனால் கான்கிரீட்டில் சின்னத் தவறை மன்னித்துவிடும் கனம் இருக்கிறது. இரும்புச் சட்டகம் மெல்லியது. எங்கே எதை இணைக்கிறோம் என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

இதற்கு உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்லப்படும் சம்பவம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஹோட்டலின் உள்கூடத்தில், கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளால் தொங்கவிடப்பட்ட நடைபாலங்கள் இருந்தன. 1981 ஜூலை 17 அன்று, கூடம் நிறைய ஆட்கள் இருந்த நேரத்தில் அவை இடிந்து விழுந்தன. 114 பேர் இறந்தார்கள்.

காரணம் என்ன? முதல் வரைபடத்தில் ஒரே நீளக் கம்பி கூரையிலிருந்து இறங்கி, நாலாவது மாடிப் பாலத்தையும் அதற்குக் கீழே இரண்டாவது மாடிப் பாலத்தையும் தாங்குவதாக இருந்தது. அவ்வளவு நீளத்துக்கு மரை போடுவது சிரமம் என்று அது இரண்டு துண்டுக் கம்பியாக மாற்றப்பட்டது. கீழ்ப் பாலம் இப்போது கூரையிலிருந்து தொங்காமல், மேல்ப் பாலத்தின் உத்தரத்திலிருந்து தொங்கியது.

கிணற்றுக் கயிறு ஒன்றில் இரண்டு வாளியைத் தனித்தனியாக முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுவது ஒரு விஷயம். ஒரு வாளியின் அடியில் இன்னொரு வாளியைக் கட்டித் தொங்கவிடுவது வேறு விஷயம். இரண்டாவதில் மேல் வாளியின் கைப்பிடி இரண்டு வாளிப் பாரத்தையும் தாங்கணும். கன்சாஸில் நடந்தது அதுதான். மேல்ப் பாலத்தின் அடியில் இருந்த நட்டுக்கு இரண்டு மடங்கு பாரம் வந்தது. முதலில் போட்ட வரைபடமே அந்த ஊர் விதி கேட்ட வலிமைக்குக் குறைவாக இருந்தது என்பதும் விசாரணையில் தெரிந்தது.

பட்டறை தன் வேலை சுலபமாக ஒரு மாற்றம் கேட்டது. வரைபடத் தரப்பு அதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் விட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் 114 உயிர் போனது. திருச்செங்கோட்டிலும் ஆர்க்கிடெக்ட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே தினமும் இப்படிச் சின்னச் சின்ன மாற்றங்கள் பேசப்படுகின்றன. "சார், இந்த சைஸ் சேனல் ஸ்டாக் இல்ல, வேற போட்டுக்கலாமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

நிமிர்த்தும் கட்டமும் ஆபத்தானது. கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் 2023 ஜூன் 1 அன்று விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டகம் சரிந்து 3 தொழிலாளர்கள் இறந்தனர். எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையப் பணியிடத்தில் 2025 செப்டம்பர் 30 அன்று உயரத்தில் இரும்பு வளைவு அமைக்கும் பணியின்போது நடந்த சரிவில் 9 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். இவை ஆர்க்கிடெக்ட் வரைந்த கட்டடங்கள் அல்ல. ஆனாலும் சொல்லும் சேதி ஒன்றுதான்: முழுசாக நின்றபிறகு பலமாக இருக்கும் இரும்பு, பாதி நிற்கும்போது பலமாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

கல்லூரியில் இதெல்லாம் சொல்லித்தர மாட்டார்களா?

பி.ஆர்க். ஐந்து வருடப் படிப்பு. அதில் கட்டமைப்புப் பாடங்கள் உண்டு, இரும்பும் வரும். ஆனால் பாடத்தின் பெரும் நேரம் வடிவமைப்புக்குத்தான். இரும்பைக் கணக்குப் போடுவது கட்டமைப்பு இன்ஜினியரின் வேலை என்பதால், ஆர்க்கிடெக்ட் மாணவருக்கு அது அறிமுக அளவில் முடிந்துவிடும்.

இன்னொரு சிக்கல், விதிகளே மாறிவிடுகின்றன. இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 800. இதன் 1984-ம் வருடப் பதிப்பு 2007-ல் அடியோடு திருத்தப்பட்டது. கணக்குப் போடும் முறையே மாறியது. காற்றழுத்தத்துக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பாகம் 1987-க்குப் பிறகு 2015-ல் புதுப்பிக்கப்பட்டது. தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016-ல் மாறியது. ஆக 2000-ல் கல்லூரி முடித்து இன்றைக்கு அனுபவசாலி என்று பெயர் எடுத்திருக்கும் ஒருவர் படித்த விதிகள் மூன்றுமே இன்று நடப்பில் இல்லை. தானாகத் தேடிப் படித்திருந்தால் உண்டு.

படித்தே ஆகணும்னு சட்டம் இல்லையா?

இந்தியாவில் ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்குப் பின்னால் போட, 1972-ம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்ய வேண்டும். பதிவைத் தொடர்வது பற்றிச் சொல்லும் அந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு கேட்பது புதுப்பிப்புக் கட்டணத்தை. இத்தனை மணி நேரம் புதுசாகப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பிரிவில் இல்லை.

வெளிநாட்டில் நிலைமை வேறு. அமெரிக்க ஆர்க்கிடெக்ட்கள் சங்கமான ஏ.ஐ.ஏ. தன் உறுப்பினர்கள் வருடத்துக்கு 18 மணி நேரம் படித்திருக்கணும் என்கிறது. அதில் 12 மணி நேரம் உடல்நலம், பாதுகாப்பு, பொதுநலன் சார்ந்ததாக இருக்கணும். பிரிட்டனின் ஆர்.ஐ.பி.ஏ. வருடத்துக்குக் குறைந்தது 35 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. அங்கே இரும்பு உற்பத்தியாளர், பட்டறைச் சங்கங்களே வகுப்பு நடத்தி, அந்த மணிக்கணக்கில் சேரும்படி சான்றிதழ் தருகின்றன.

இங்கே இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது: 1972 சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தைப் பதிவில்லாதவர்கள் பயன்படுத்துவதைத்தான் தடுக்கிறது, கட்டடம் வடிவமைக்கும் வேலையைச் செய்வதை அல்ல. சின்ன ஊர்களில் பிளான் போடுபவர் பல நேரம் சிவில் இன்ஜினியர் அல்லது டிப்ளமோ படித்தவர். ஆக, ஆர்க்கிடெக்ட்டை மட்டும் வகுப்புக்கு அனுப்பினால் திருச்செங்கோட்டுக் கணக்கில் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள்.

அப்படியானால் படிக்க வழியே இல்லையா?

இருக்கிறது. மத்திய எஃகு அமைச்சகமும் உற்பத்தியாளர்களும் சேர்ந்து 1996-ல் உருவாக்கிய இன்ஸ்டாக் என்ற அமைப்பு கொல்கத்தாவில் இயங்குகிறது. இரும்புக் கட்டுமானம் பற்றி இன்ஜினியர்களுக்கும் ஆர்க்கிடெக்ட்களுக்கும் பயிற்சி, மாணவர்களுக்குப் போட்டி, வழிகாட்டி நூல்கள் என்று செய்துவருகிறது. சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் (சி.எஸ்.ஐ.ஆர்.-எஸ்.இ.ஆர்.சி.) தொழில்முறையாளர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் இரும்புக் கட்டமைப்புப் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மத்திய அரசும் ஒரு முயற்சி எடுத்தது. 2021 ஜனவரி 1 அன்று நாட்டின் ஆறு ஊர்களில் 'லைட் ஹவுஸ்' வீட்டுத் திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு புதுத் தொழில்நுட்பம். அன்றே 'நவரீதி' என்ற சான்றிதழ்ப் படிப்பும் தொடங்கியது. டெல்லி ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சரும் பி.எம்.டி.பி.சி. அமைப்பும் சேர்ந்து, ஆர்க்கிடெக்ட்கள், இன்ஜினியர்களுக்காக நடத்தும் படிப்பு அது. 'டெக்னோகிராஹி' என்ற பெயரில் மாணவர்களும் தொழில்முறையாளர்களும் பதிவு செய்து, கட்டுமானம் நடக்கும் இடத்தையே நேரில் பார்த்துக் கற்கவும் வழி செய்யப்பட்டது.

நல்ல யோசனைதான். ஆனால் ஒரு சின்ன வருத்தம். தமிழ்நாட்டுக்குக் கிடைத்த லைட் ஹவுஸ் சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள். அது முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பாகங்களால் கட்டியது. மெல்லிய இரும்புச் சட்டகத்தில் கட்டிய திட்டம் திரிபுராவின் அகர்தலாவுக்குப் போனது. ஆக, இரும்பை நேரில் பார்த்துப் படிக்க நினைத்த கொங்குப் பகுதி ஆர்க்கிடெக்ட்டுக்கு பக்கத்தில் வகுப்பறை அமையவில்லை.

என்னதான் படிக்க வேண்டும்?

கணக்கு முழுவதையும் ஆர்க்கிடெக்ட் போட வேண்டியதில்லை. அதற்குக் கட்டமைப்பு இன்ஜினியர் இருக்கிறார். ஆனால் ஐந்து விஷயங்களில் சரியான கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

1. காற்று: ஷெட் கூரை விழுந்துவிடும் என்றுதான் நாம் பயப்படுகிறோம். உண்மையில் பறந்துவிடும் என்று பயப்படணும். தகடும் பர்லினும் சேர்ந்த கூரையின் எடை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 முதல் 15 கிலோதான். ஐ.எஸ். 875 கோவைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கி.மீ. அந்த வேகத்தில் காற்றழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ. சென்னைக்கு 50 மீட்டர். அழுத்தம் சுமார் 153 கிலோவாக எகிறும். வேகம் கால் பங்குக்குச் சற்று அதிகமாகக் கூடினால் அழுத்தம் 60 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. கட்டடத்தின் உயரம், திறப்புகள், சுற்றுப்புறத்தைப் பொறுத்து இது மாறும். கோவையில் நிற்கும் ஷெட்டின் வரைபடத்தை அப்படியே சென்னையில் போட முடியாது என்பதற்கு இதுதான் காரணம். தூணைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டும், குறுக்கே போடும் பிரேசிங் கம்பியும் அலங்காரம் இல்லை.

2. இணைப்பு: வெல்டிங் எங்கே, போல்ட் எங்கே, எத்தனை, என்ன சைஸ் என்பது வரைபடத்தில் இருக்கணும். கன்சாஸ் பாடம் இதுதான்.

3. தீ: இரும்பு எரியாது, ஆனால் இளகும். ஐ.எஸ். 800 தரும் சூத்திரப்படி 550 டிகிரி செல்சியஸில் அதன் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். நூலும் பஞ்சும் அடுக்கி வைத்திருக்கும் குடோனில் தீப்பிடித்தால் அந்த வெப்பத்தைத் தொட அதிக நேரம் ஆகாது. தீத்தடுப்புப் பூச்சா, பலகை மூடலா, வெளியேறும் வழி எங்கே என்பதை ஆர்க்கிடெக்ட்தான் முதல் நாளே யோசிக்கணும்.

4. துரு: நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணையில் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் ஈரமும், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் சாயப்பட்டறை ஆவியும் இரும்பைத் தின்பவை. சாதாரண ஷெட்டுக்கு அடிக்கும் அதே ரெட் ஆக்சைடு பிரைமர் இங்கே போதாது.

5. வெயில்: 60 மீட்டர் நீள ஷெட்டில் இரும்பின் வெப்பம் 30 டிகிரி கூடினால் நீளம் 2 சென்டிமீட்டருக்கும் மேல் கூடும். அதற்கு இடம் விடாமல் இரண்டு பக்கமும் சுவரோடு இறுக்கிக் கட்டினால் சுவர்தான் விரியும்.

பணம் போடுபவருக்கு இதில் என்ன?

இரும்பு வேலையை இரண்டு விதமாக ரேட் பேசுகிறார்கள். கிலோ கணக்கு, இல்லையென்றால் சதுர அடிக் கணக்கு. கிலோவுக்கு விட்டால் தேவைக்கு மேல் கனம் ஏற்றும் ஆசை வரும். சதுர அடிக்கு விட்டால் தகடு மெலியும் ஆசை வரும். இரண்டிலும் எது சரியான அளவு என்று சொல்ல, விற்பவர் அல்லாத ஒருவர் வேண்டும். கடன் வாங்கித் தறிக்கூடம் போடும் ஒருவருக்கு அந்த ஒருவர் இல்லாததுதான் பெரிய நஷ்டம்.

ஷெட் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்:

- கட்டமைப்பு இன்ஜினியர் கையெழுத்திட்ட வரைபடமும் கணக்கும் இருக்கிறதா?
- எந்த ஊர்க் காற்று வேகத்துக்குக் கணக்குப் போட்டது?
- இரும்புக்கு ஐ.எஸ். 2062 தரச் சான்றும் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டும் தருவீர்களா?
- தகட்டின் கனம் என்ன? (மில்லிமீட்டரை 7.85-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை கிலோவில் வரும். 10 மி.மீ. தகடு என்றால் 78.5 கிலோ.)
- நிமிர்த்தும்போது முதல் இரண்டு சட்டகத்தை எப்படித் தாங்கிப் பிடிப்பீர்கள்?
- வரைபடத்தை மாற்றினால் யாரிடம் எழுதி வாங்குவீர்கள்?

எதிர்ப்பக்க வாதம் என்ன?

கட்டாயப் படிப்பு என்றதும் வரும் முதல் பயம், அது சான்றிதழ் வியாபாரமாகிவிடும் என்பது. ஹோட்டல் அரங்கில் ஒரு கம்பெனி தன் பொருளை விளம்பரம் செய்துவிட்டு, சாப்பாடு போட்டு, மணிக்கணக்கு எழுதிக் கொடுத்தால் யாருக்கு லாபம்? நியாயமான கேள்வி. சின்ன ஊர் ஆர்க்கிடெக்ட்டுக்குக் கிடைக்கும் கட்டணத்தில் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் போய்வரச் செலவு கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் பட்டறைக்காரருக்கும் டிப்ளமோக்காரருக்கும் அது எட்டாது.

இந்த மூன்று எதிர்ப்புக்கும் விடை வகுப்பை ரத்து செய்வதில் இல்லை. வகுப்பு எங்கே நடக்கிறது என்பதில் இருக்கிறது.

திருச்செங்கோடு என்ன செய்யலாம்?

கொங்கு மண்ணுக்கு இரும்பு புதுசு இல்லை. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் ஈராயிரம் வருடத்துக்கு முன்பே இங்கே இரும்பும் எஃகும் உருக்கியதற்கான தடயங்களைத் தந்தன. இன்றைக்கு நாடு முழுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடுதான் பேர் போன ஊர். லாரிக்கு பாடி கட்டுவதிலும் இந்த வட்டாரத்துக்குத் தனிப் பெயர். பாரமும் அதிர்வும் தாங்கும் ரிக் மாஸ்டைப் பழுது பார்க்கத் தெரிந்த வெல்டருக்கு, ஒரு மூட்டு எங்கே விரியும் என்பது கையிலேயே தெரியும். ஏன் விரியும் என்ற கணக்கு இன்ஜினியரிடம் இருக்கிறது. கட்டடத்தில் அந்த மூட்டு எங்கே வரும் என்பது ஆர்க்கிடெக்ட்டிடம் இருக்கிறது. இந்த மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்காருவதில்லை என்பதுதான் குறை.

அமெரிக்காவில் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். 1986-ல் புளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் டுவேன் எல்லிஃப்ரிட், இரும்பில் என்னென்ன இணைப்பு உண்டோ அத்தனையும் ஒரே சிற்பமாக வெல்டிங் செய்து வளாகத்தில் நிறுத்தினார். மாணவர்கள் சுற்றி வந்து தொட்டுப் பார்த்துப் படித்தார்கள். இன்றைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் அதே மாதிரி நிற்கிறது. அப்படி ஒன்றைச் செய்ய திருச்செங்கோட்டுப் பட்டறைக்குப் பெரிய நாள் பிடிக்காது. சுற்றிலும் இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு பட்டறை, ஒரு கட்டமைப்பு இன்ஜினியர், பத்து ஆர்க்கிடெக்ட்கள், பத்து வெல்டர்கள், பாடம் தமிழில். ஹோட்டல் அரங்கும் வேண்டாம், கொல்கத்தா டிக்கெட்டும் வேண்டாம். இதைப் பதிவுப் புதுப்பிப்போடு மணிக்கணக்காக இணைப்பது சட்டத்தையும் கவுன்சிலையும் பொறுத்தது. அதற்குக் காலம் ஆகலாம். ஆனால் அடுத்த ஆடிக் காற்று யாருக்காகவும் காத்திருக்காது. அதற்குள் நிமிரப்போகும் ஷெட்டுகளின் வரைபடத்தில் போல்ட் எண்ணிக்கை எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதையாவது இன்றே தொடங்கலாம்.